நவம்பர் மாதத்து எண்கள்: அமெரிக்கச் சிறு கல்லூரிகளில் மகளிர் கூடைப்பந்து

நவம்பர் பிறந்து ஒரு வாரம் கழிந்ததும், அமெரிக்க நாட்டு விளையாட்டுச் செய்திகளின் அடிப்பகுதியில் சிற்றெழுத்தில் ஒரு நீண்ட பட்டியல் தோன்றத் தொடங்குகிறது. இரண்டு கல்லூரிகளின் பெயர்கள். அவற்றை அடுத்து இரண்டு எண்கள். 71, 58 என்றிருக்கும். 83, 40 என்றிருக்கும். ஆடியவர் எவர், எறிந்தவர் எவர், எவ்வாறு முடிந்தது என்பதொன்றும் அதில் இராது. அந்த ஓரடிச் செய்தி எவ்வளவு உண்மையைச் சொல்கிறது, எவ்வளவை மறைக்கிறது என்பதையே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்டோம்.

மாதுங்காவிலோ கரோல்பாகிலோ கரக்பூர் ரயில்வே குடியிருப்பிலோ இருந்துகொண்டு இதனை அறிவதால் என்ன பயன் என்று நேயர்கள் வினவலாம். ஊரை விட்டு வந்தவர்களாகிய நமக்கு, சென்னையிலோ மதுரையிலோ நடந்த ஓர் ஆட்டத்தின் முடிவைப் பத்திரிகையின் மூலையில் ஓரடியாகப் படித்துவிட்டு, அதைக்கொண்டு முழு ஆட்டத்தையும் மனத்தில் கட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. தொலைவிலிருந்து எண்களைப் படிப்பது நமக்குப் பழகிய கலை. அக்கலையில் எங்கெங்கே வழுக்கும் என்பதை அறிவதற்கு அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் பருவத் தொடக்கத்தைப் போன்ற பாடம் வேறில்லை எனக் கருதுகிறோம்.

கூடைப்பந்து பிறந்த வரலாறு பலரும் அறிந்தது. 1891ஆம் ஆண்டு டிசம்பரில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், கிறிஸ்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்களுக்காகக் கூடத்தின் இரு கோடிகளிலும் பழக்கூடைகளை மாட்டி இவ்வாட்டத்தை வகுத்தார். அப்பள்ளியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவரே 1920இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியவர் என்பதால், நந்தனத்து மைதானத்துக்கும் அந்தப் பழக்கூடைகளுக்கும் ஒரு வழித்தொடர்பு உண்டு என்பதை இவ்விடத்தில் சொல்லி மேற்செல்வோம்.

ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ஏறத்தாழ இருபது மைல் தொலைவில் நார்தாம்ப்டன் என்னும் ஊரில் ஸ்மித் மகளிர் கல்லூரி இருக்கிறது. அங்கு உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன் புதிய ஆட்டத்தைப் பற்றி ஏட்டில் படித்து, 1892இல் தம் மாணவியருக்கு அதனைக் கற்பித்தார். அக்காலத்துப் பெற்றோரின் அச்சத்தை மதித்து விதிகளையும் மாற்றினார். களம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதியில் நின்றவள் அடுத்த பகுதிக்குள் அடியெடுத்து வைக்கலாகாது. பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாது. மூன்று நொடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கலாகாது. 1893 மார்ச் 22 அன்று அக்கல்லூரியின் முதலாண்டு மாணவியரும் இரண்டாம் ஆண்டு மாணவியரும் எதிர்நின்று ஆடினர். இரண்டாம் ஆண்டினர் 5க்கு 4 என வென்றனர். மூன்றாண்டு கழித்து, 1896 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டு மாணவியர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக மாணவியரை 2க்கு 1 என வென்றதே இரு கல்லூரி மகளிர் மோதிய முதல் ஆட்டம். இன்று ஒரு நிமிடத்தில் எடுக்கப்படும் புள்ளிகளை அன்று ஒரு முழு ஆட்டத்தில் எடுத்திருக்கின்றனர்.

அதே ஸ்மித் கல்லூரி, 131 ஆண்டுகளுக்குப் பின், 2024 மார்ச்சில் சிறு கல்லூரிகளின் தேசிய இறுதி ஆட்டத்தில் நின்றது. நியூயார்க் பல்கலைக்கழகம் அதனை 51க்கு 41 என வென்றது. மறு ஆண்டும் அவ்விரு அணிகளே இறுதியில் சந்தித்தன. மறுபடியும் நியூயார்க்கே வென்றது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சிறு கல்லூரி என்பதா என்று நேயர்கள் வியக்கக்கூடும். வியப்பு நியாயமானதே. இங்குச் ‘சிறு’ என்பது மாணவர் தொகையை மட்டும் குறிப்பதன்று. அமெரிக்காவின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1973இல் தன் உறுப்பினரை மூன்று பிரிவுகளாக வகுத்தது. தொலைக்காட்சியும் பெரும் பணமும் சூழ்ந்தது முதற்பிரிவு. மூன்றாம் பிரிவில் நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஆயிரத்திலிருந்து மூவாயிரம் மாணவர் வரை பயிலும் சிற்றூர்க் கல்லூரிகள். நியூயார்க்கும் சிகாகோவும் போன்ற சில பெரும் பல்கலைக்கழகங்களும் தாமாக விரும்பி அப்பிரிவில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று: விளையாட்டுக்காக எந்த மாணவிக்கும் உதவித்தொகை கொடுக்கலாகாது. வறுமை நோக்கியும் கல்வித் தகுதி நோக்கியும் உதவி பெறலாம். பந்தைக் கூடையில் இடும் திறம் நோக்கிப் பெறலாகாது. ஆகவே அங்கு ஆடுபவள் வேதியியல் கூடத்திலிருந்து நேரே பயிற்சிக்கு ஓடி வருபவள். பருவம் முடிந்தபின் அவளுக்குக் கிடைப்பது பட்டமேயன்றிச் சம்பளம் அன்று.

இனி அவர்களுடைய பருவத்தின் அமைப்பைக் காண்போம். அக்டோபர் நடுவில் பயிற்சி தொடங்குகிறது. மூன்று நான்கு வாரங்களிலேயே முதல் ஆட்டம் வந்துவிடுகிறது. ஆண்டொன்றுக்கு முறையான ஆட்டங்கள் 25 மட்டுமே. நவம்பரிலும் டிசம்பரிலும் நடப்பவை பெரும்பாலும் அயல் கூட்டமைப்புக் கல்லூரிகளோடு ஆடுபவை. வார இறுதியில் நான்கு அணிகள் ஓரிடத்தில் கூடி இரண்டு நாளில் முடித்துக்கொள்ளும் சிறு போட்டிகளும் உண்டு. டிசம்பர் நடுவில் தேர்வுகள். பிறகு கிறிஸ்துமஸ். ஜனவரி முதல் தன் கூட்டமைப்புக் கல்லூரிகளோடு ஆட்டம். பிப்ரவரி இறுதியில் கூட்டமைப்பின் கோப்பை. மார்ச்சில் 64 அணிகள் கூடும் தேசியப் போட்டி. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிடைப் போட்டிகளில் தோற்ற அணி மறுநாள் ரயில் ஏறுவது வழக்கம். அங்கோ தோல்வியும் ஏட்டில் ஏறிப் பருவம் முழுதும் கூடவே வருகிறது. இதனை நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

முதலில், நவம்பர் எண்கள் எவ்வாறு ஏமாற்றுகின்றன என்பதைப் பார்ப்போம்.

நான்காண்டுப் படிப்பில் ஆண்டுதோறும் ஒரு வகுப்பு வெளியேறுகிறது, ஒரு வகுப்பு உள்ளே வருகிறது. எனவே கல்லூரியின் பெயர் மாறாவிடினும் அணி மாறிவிடுகிறது. சென்ற மார்ச்சில் பதினைந்து புள்ளி எடுத்தவள் இப்பொழுது எங்கோ அலுவலகத்தில் அமர்ந்திருப்பாள். அவள் இடத்தில் நிற்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தன் தோழியர் எப்பக்கம் திரும்புவர் என்பதே இன்னும் தெரியாது. சிறு கல்லூரிகளுக்கே உரிய மற்றொரு நிலையும் உண்டு. அங்கு ஒரே பெண் இலையுதிர் காலத்தில் கால்பந்தோ கைப்பந்தோ ஆடிவிட்டுக் கூடைப்பந்துக்கு வருவாள். கால்பந்து அணி நவம்பரில் வென்றுகொண்டே போனால், கூடைப்பந்து அணி அவளின்றியே தன் முதல் ஆட்டங்களை ஆட வேண்டும். அவள் வந்து சேர்ந்த டிசம்பரில் அதே அணி வேறோர் அணி.

பயிற்சியாளரின் நோக்கமும் வேறு. பதினைந்து பதினாறு பேரில் எந்த ஐவர் பொருந்துவர் என்பதை நவம்பரில்தான் சோதித்துப் பார்க்க முடியும். ஆடுகளம் முழுதும் எதிரியை நெருக்கிப் பந்தைப் பிடுங்கும் முறை இம்மாதத்தில் மிகுந்த பயன் தருகிறது. ஏனெனில் நெருக்கத்தை உடைத்துப் பந்தைக் கடத்தும் ஒழுங்கை எதிரணி இன்னும் பயின்றிராது. 83க்கு 40 என்பது போன்ற பெருவெற்றிகள் பல இவ்வாறு வந்தவை. அந்த இடைவெளியைத் திறமையின் அளவாகக் கொள்வது, புதுமணல் பரப்பிய வீதியில் வண்டி தடுமாறியதைக் கண்டு மாட்டின் வலிமையை எடைபோடுவது போலாகும்.

தற்செயலின் பங்கு இன்னும் பெரிது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொலைவிலிருந்து எறிந்து மூன்று புள்ளி பெறும் எறிதலில் நூற்றுக்கு முப்பது வீதம் வெற்றி காணும் அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆட்டத்தில் இருபது முறை எறிந்தால் ஆறு விழ வேண்டும். அதாவது 18 புள்ளி. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் சரியாக ஆறு விழுவதில்லை. நான்கு விழும் நாளும் எட்டு விழும் நாளும் மிகவும் இயல்பானவை. அவற்றில் எவரும் குற்றமும் காண வேண்டியதில்லை, புகழும் பாட வேண்டியதில்லை. இப்பொழுது எல்லா வகையிலும் சமமான இரண்டு அணிகளை நிறுத்துவோம். ஒன்றுக்கு எட்டும் மற்றதற்கு நான்கும் விழுந்தால் வேறுபாடு 12 புள்ளி. பட்டியலில் 66, 54 என்று அச்சாகும். படிப்பவர் ஒன்று வலியது, மற்றது மெலியது என்று முடிவு கட்டுவார். இருபத்தைந்து ஆட்டங்களில் இந்த ஏற்றத் தாழ்வு ஒன்றையொன்று ஈடு செய்துகொள்ளும். மூன்று ஆட்டங்களில் செய்யாது. ஆட்டக்கணக்கு முழுமையாகக் கிடைத்தால் நேயர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வரியைத்தான். அதனை விட நிலையான வரிகள் இரண்டு: கூடையில் பட்டுத் திரும்பிய பந்தை எத்தனை முறை பற்றினர் என்பது ஒன்று, எறியாமலே பந்தை எத்தனை முறை இழந்தனர் என்பது மற்றொன்று.

இன்னொரு வழுக்கல், ஓர் ஆட்டத்தைக் கொண்டு மற்றோர் ஆட்டத்தைக் கணிப்பது. முதல் அணி இரண்டாவதை வென்றது, இரண்டாவது மூன்றாவதை வென்றது, ஆகவே முதல் அணி மூன்றாவதை வெல்லும் என்று தர்க்கம் பேசுவோர் எந்த நாட்டிலும் உண்டு. உயரமான பெண்கள் நிறைந்த அணி விரைந்தோடும் அணியிடம் தோற்கலாம். விரைந்தோடும் அணி நெருக்கித் தடுக்கும் அணியிடம் தோற்கலாம். நெருக்கித் தடுக்கும் அணியோ உயரமானவர்களிடம் தோற்கலாம். மூன்றும் உண்மையான முடிவுகளாகவே இருக்கும்.

பட்டியலில் சில வேளை ஒரு சிறு கல்லூரி முதற்பிரிவுப் பல்கலைக்கழகத்திடம் நாற்பது ஐம்பது புள்ளியில் தோற்றதாகக் காணப்படும். அதனைக் கண்டு இரங்க வேண்டியதில்லை. அத்தகைய ஆட்டம் பெரும்பாலும் பெரியவர் ஏட்டில் வெற்றியாகவும், சிறியவர் ஏட்டில் கணக்கில் சேராத காட்சியாட்டமாகவும் எழுதப்படுகிறது. ஒரே மாலைப்பொழுது ஒருவர் வரலாற்றில் இருந்தும் மற்றவர் வரலாற்றில் இல்லாமலும் போவது விந்தையே.

இவ்வளவும் கேட்ட நேயர்கள், அப்படியாயின் நவம்பர் ஆட்டங்கள் வெறும் ஒத்திகைதாமே என்று எண்ணலாம். அங்கேதான் இக்கதையின் கடுமை இருக்கிறது. ஒத்திகை போல் ஆடப்படும் அவ்வாட்டங்கள் மார்ச்சில் முழு எடையோடு நிறுக்கப்படுகின்றன.

தேசியப் போட்டியின் 64 இடங்களில் நாற்பதுக்கு மேற்பட்டவை கூட்டமைப்புகளின் முதல்வருக்கு உரியவை. எஞ்சிய ஏறத்தாழ இருபது இடங்களுக்கு மற்ற எல்லாக் கல்லூரிகளும் காத்து நிற்கின்றன. 2024-25 பருவத்திலிருந்து அவ்விடங்கள் ஆற்றல் குறியீடு என்னும் ஒரு கணக்கின் வரிசைப்படியே வழங்கப்படுகின்றன. வெற்றி வீதமும் எதிர்த்து ஆடியவரின் வலிமையும் அதில் சேர்கின்றன. வெளியூரில் பெற்ற வெற்றிக்கு மதிப்பு மிகுதி. சொந்தக் கூடத்தில் பெற்றதற்குக் குறைவு. எத்தனை புள்ளி வேறுபாட்டில் வென்றனர் என்பதை அக்கணக்கு பார்ப்பதேயில்லை. நாற்பது புள்ளியில் வென்றாலும் ஒரே புள்ளியில் வென்றாலும் அதற்கு ஒன்றே. இது சரியான ஏற்பாடு என்பது நம் கருத்து. இல்லையேல் வலியவர் மெலியவரை இறுதி நொடி வரை அடித்து நொறுக்கும் வழக்கம் பெருகிவிடும். ஆனால் அதே கணக்கு நாளையும் பார்ப்பதில்லை. நவம்பர் 15இல் தோற்றதும் பிப்ரவரி 15இல் தோற்றதும் அதற்குச் சமம். அணி இன்னும் அணியாகத் திரளாத நாளில், புதிதாக வந்த ஒரு பெண் இரண்டு தனி எறிதல்களைத் தவறவிட்டதால் வந்த ஒரு புள்ளித் தோல்வி, நான்கு மாதம் கழித்து நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கடைசி வாய்ப்பை எடுத்துவிடலாம்.

பயிற்சியாளர் இக்கணக்கை அறிந்தே ஆட்டங்களை ஏற்பாடு செய்கின்றனர். எளிய எதிரிகளைத் தேர்ந்தால் வெற்றி சேரும், வலிமை சேராது. கடியவரைத் தேர்ந்தால் தோல்வி சேரும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, நியூயார்க், சிகாகோ, செயின்ட் லூயிஸ், அட்லாண்டா முதலிய பெருநகரங்களின் எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. அதில் ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடும் இருமுறை ஆடுகிறது. ஆக 14 ஆட்டம். எஞ்சிய 11 ஆட்டங்களே அதற்குத் தன் விருப்பம்போல் அமைந்தவை. அவை ஏறக்குறைய அனைத்தும் புத்தாண்டுக்கு முன்னரே முடிந்துவிடும். அக்கூட்டமைப்பில் இறுதிக் கோப்பைப் போட்டியும் இல்லை. பருவ முடிவில் வரிசையில் முதலாக நின்றவரே முதல்வர். மற்ற எழுவரும் நவம்பரில் சேர்த்து வைத்ததைக் கொண்டே மார்ச்சில் வழக்காட வேண்டும்.

அந்தக் கூட்டமைப்பிலிருந்தே சிறு கல்லூரிகளின் நீண்ட வெற்றித் தொடர்கள் சில தோன்றியிருக்கின்றன. செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டும் தொடர்ந்து தேசியக் கோப்பையை வென்றது. அக்காலத்தில் இடையறாது 81 ஆட்டங்களில் வெற்றி கண்டது. 1997இல் கோப்பை பெற்ற நியூயார்க் பல்கலைக்கழகம் அடுத்த கோப்பைக்கு 2024 வரை காத்திருந்தது. அவ்வாண்டும் 2025இலும் 31 ஆட்டங்கள் வீதம் ஆடி ஒன்றிலும் தோற்கவில்லை. இவற்றைக் காட்டிலும் பழையது, டெக்சஸ் மாநிலத்துப் பிளெயின்வியூ என்னும் சிற்றூரின் வேலண்டு பாப்டிஸ்ட் கல்லூரியுடையது. கல்லூரிச் சங்கங்கள் மகளிருக்குப் போட்டியே நடத்தாத 1953க்கும் 1958க்கும் இடையில் அம்மாணவியர் தொடர்ந்து 131 ஆட்டங்களை வென்றனர். உள்ளூர் வணிகர் ஒருவர் தம் சிறு விமானங்களில் அவர்களை ஊர் ஊராகக் கொண்டு சென்றார். இத்தகைய அணிகளுக்கு மட்டுமே நவம்பர் எண்ணும் மார்ச் எண்ணும் ஒரே கதையைச் சொல்கின்றன.

மற்றவர்க்கு அவ்வாறன்று. பென்சில்வேனியாவின் இம்மாகுலட்டா கல்லூரியை எண்ணிப் பார்க்கலாம். கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய சிறு மகளிர் கல்லூரி அது. அதன் விளையாட்டுக் கூடம் 1967இல் எரிந்துபோயிற்று. கேத்தி ரஷ் என்னும் இளம் பயிற்சியாளருக்கு முதற்பருவத்தில் கொடுக்கப்பட்ட ஊதியம் 450 டாலர். 1972இல் மகளிருக்கான முதல் தேசியக் கல்லூரிப் போட்டி நடந்தபோது, அதற்கு முந்திய வட்டாரப் போட்டியில் வெஸ்ட் செஸ்டர் அணி இம்மாகுலட்டாவை 32 புள்ளி வேறுபாட்டில் தோற்கடித்திருந்தது. பதினாறு அணிகளில் அதற்கு இட்ட வரிசை எண் 15. பயணச் செலவுக்காக மாணவியர் பல் துலக்கும் தூரிகைகளை விற்றனர். ஆயினும் எட்டுப் பேரை அனுப்பவே பணம் போதியதாயிருந்தது. இல்லினாய் மாநிலத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் அவர்களுக்கு எதிரே நின்றது அதே வெஸ்ட் செஸ்டர். 52க்கு 48 என இம்மாகுலட்டா வென்றது. 1973இலும் 1974இலும் மறுபடி வென்றது. 32 புள்ளித் தோல்வியை அச்சில் படித்தவர் எவரும் அதனை எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. விளையாட்டிலும் கல்வியிலும் மகளிர்க்குச் சம இடம் கேட்ட சட்டம் அவ்வாண்டு ஜூனில் நிறைவேறிற்று. பெரும் பல்கலைக்கழகங்கள் மகளிர் அணிகளுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கிய பின் இம்மாகுலட்டா போன்றவை முன்வரிசையிலிருந்து விலகின. அக்கல்லூரி இன்று மூன்றாம் பிரிவில் ஆடுகிறது.

எண்கள் முடிவை எட்டாமலே நின்றுபோன பருவமும் ஒன்று உண்டு. 2019 நவம்பரில் தொடங்கிய பருவத்தில், மிச்சிகன் மாநிலத்து ஹாலண்டு நகரின் ஹோப் கல்லூரி மார்ச் வரை ஒரு தோல்வியும் காணவில்லை. தேசியப் போட்டியில் இரண்டு சுற்று முடிந்து பதினாறு அணிகள் எஞ்சியிருந்தன. 2020 மார்ச் 12 அன்று, கொரோனாத் தொற்றின் காரணமாகப் போட்டி கைவிடப்பட்டது. அப்பருவத்துக்கு முதல்வர் என ஒருவரும் அறிவிக்கப்படவில்லை. நவம்பர் முதல் அச்சான அந்தப் பட்டியல் மட்டுமே எஞ்சிற்று. ஹோப் கல்லூரி 2022இல் தேசியக் கோப்பையை வென்றது. 2020இல் நான்காம் ஆண்டில் இருந்த மாணவியர் அதற்குள் பட்டம் பெற்று வெளியேறிவிட்டிருந்தனர்.